நிலையத்தின் விளக்கத்துக்கு அனுப்பப்படுகிறது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சளி மட்டும் இருக்கிறது, அது என்னை விட்டு எங்கே போகப்போகிறது. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா? பஸ் ஓட்டி ஓட்டி மாமாவுக்கு வந்த முதுகுவலி தேவலையா?

ஆறு வாரப் பயிற்சி முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். போலீஸைத் திருத்தக் கிளம்பியிருக்கும் உங்கள் குழுவின் புத்தகத்தைத்தான் நடத்தினார்கள். நீ டைப் அடித்ததாயிற்றே என்று நான் ஒருத்திதான் அட்டை போட்டு வைத்துக்கொண்டேன். பிடித்து வந்தவரை உட்காரவைத்துக் கேள், தண்ணீர் கொடு, நேரத்தை எழுது. தப்பு செய்தவர் மேலதிகாரியே ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடு. தங்கமான பாடங்கள். கடைசி நாள் பரீட்சையில் இருபது கேள்வி. "எல்லாத்துக்கும் ரெண்டாவது விடையப் போடுங்க, டீ ஆறிடப் போகுது" என்றார் பயிற்சியாளர். எல்லாரும் முழு மார்க். நான் மட்டும் கேள்வியைப் படித்துப் பார்த்து எழுதியதில் மூன்று மார்க் போயிற்று. சிரிக்காதே.

இங்கே அதே எழுத்தர் வேலைதான். கையெழுத்து நன்றாக இருந்தால் வருகிற வினை இது. மற்றவர்கள் வெளியே சுற்ற, நான் காலையிலிருந்து தினசரிப் பதிவேட்டில் யார் வந்தார், யார் போனார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாமா கேட்டால் சொல், போனில் நாம் இரண்டு நிமிடத்தில் சண்டை போட்டுவிடுகிறோம், கடிதத்தில் அதற்குப் பத்து நாளாகிறது.

இந்தத் தாள் வழக்கம் போல அம்மாவுக்குப் படித்துக் காட்ட. 'உனக்கு மட்டும்' என்று பின்னால் வைக்கிற தாள் இந்த முறை இல்லை. ரகசியம் ஒன்றுகூட இல்லாத அளவுக்கு வாழ்க்கை சப்பென்று இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்று மார்க் குறைந்த உன் தங்கை

ஜனவரி 27

என் அருமை வாயாடிக்கு,

எல்லாரும் நலம். அம்மாவுக்கு மார்ச் மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் முதுகு அப்படியேதான். நீ சளிக்கு மருந்து வாங்கினாயா, இல்லை வழக்கம் போல வீம்புதானா?

பரீட்சைக் கதையைப் படித்ததும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருபது கேள்விக்காக நாங்கள் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். எழுபது வயதில் எங்கள் தலைவர், பெரிய நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துத் திருத்துவார்.

இங்கே பிழைப்பு எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் நீதிமன்ற வாசலில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் திறந்து, உள்ளே இருப்பதை என் மேஜைக்கு அனுப்புகிறார்கள். இதுவரை வந்தவை: பஸ் டிக்கெட், தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு, யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம். போலீஸைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு விசாரணையாவது நடக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். போன வாரக் கூட்டத்தில் ஒரு பெரிய போலீஸ் அதிகாரி தலைவரைப் பார்த்து, "எங்க மேல தப்பே இல்லைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க, நன்றி" என்றார். தலைவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா, ஆபரேஷனுக்குப் பயப்படாதே, ஊசி போடுகிற நேரம்தான். மருந்து வாங்கிவிட்டேன், சளி போய்விட்டது. வேலை அதிகம், அதனால் கடிதம் சின்னது.

தங்கை

உனக்கு மட்டும்

அக்கா, சளி போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மார்க்கெட் முனையில் குடை விரித்து உட்கார்ந்து சாவி போட்டுக்கொடுக்கிற பூட்டுக்காரர். நீயும் பார்த்திருக்கிறாய், போன வருடம் நீ இங்கே வந்தபோது உன் பெட்டிக்குச் சாவி போட்டவர். ஒரு வியாபாரி வீட்டில் கதவு உடையாமல் திருட்டு. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் இவர்தானே, அவ்வளவுதான் காரணம். ஜெராக்ஸ் மிஷின் இருக்கிற பின்னறையில் வைத்து இன்ஸ்பெக்டரும் ஏட்டும் அடித்தார்கள். காகிதம் எடுக்கப் போனவள் நான் பார்த்துவிட்டேன். மேஜை மேல் அவர் வலது கையை விரித்து ஏட்டு பிடித்துக்கொள்ள, இன்ஸ்பெக்டர் லத்தியால் அடித்தார். "கை மட்டும் வேணாம் ஐயா, வேற எங்க வேணா அடிங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கையைக் கழுவிவிட்டு என் மேஜையில் சாய்ந்துகொண்டு, "எழுதும்மா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். நேரம் நாலரை" என்றார். நான் எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடு என்று நீ டைப் அடித்திருந்தாயே அக்கா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் போயே போய்விட்டது.

மறுநாள் உண்மையான திருடன் பிடிபட்டான், வியாபாரியின் சொந்த அக்கா மகன். பூட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

யாரிடமும் சொல்லாதே. மாமாவிடமும் வேண்டாம். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதற்காகத்தான் எழுதினேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பிப்ரவரி 17

என் கண்ணுக்கு,

இங்கே நலம். நீ ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அதுதான் இப்போது முக்கியம்.

உன் இடத்தில் யார் இருந்தாலும் எழுதியிருப்பார்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் இருக்கிறேன்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: செவ்வாய் என்றால் எந்தத் தேதி? அறையில் வேறு யாராவது இருந்தார்களா? அவர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று தெரியுமா?

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள விசாரணை அதிகாரிக்கு,

உடம்பு பரவாயில்லை. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

செவ்வாய் என்றால் மூன்றாம் தேதி. அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்களாம், மூன்று விரல் எலும்பு நொறுங்கியிருக்கிறதாம். இதெல்லாம் உனக்கு எதற்கு? சின்ன வயதில் நான் கீழே விழுந்தால் எங்கே, எப்படி, எந்தக் கல் என்று அழுகை நிற்கும்வரை கேட்பாயே, அந்த வைத்தியமா? வேலை செய்கிறது. உன் கடிதம் வந்த அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டாயா?

தங்கை

மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, "என்னடி இப்படி வயசாயிடுச்சு உனக்கு" என்றாள். நன்றாகத் தெரிகிறது என்று டாக்டருக்கு அதிலேயே திருப்தி. இனி கடிதங்களைத் தானே படிப்பாளாம்.

ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. தலைவர் இப்போதெல்லாம் சிரித்த முகமாக இருக்கிறார். குழுவின் ஆயுளை நீட்டித்துவிட்டார்கள். வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் எல்லாரும் உன்னிடம் நன்றாகப் பழகுகிறார்களா?

அக்கா

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? நான் கடிதம் போட்டு மூன்று வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. அம்மா தினமும் தபால்காரரை வாசலில் மடக்கிக் கேட்கிறாள். கோபமா? உடம்புக்கு ஏதாவதா? ஒரு கார்டாவது போடு.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம். அம்மாவும் மாமாவும் நலமாக இருக்கட்டும்.

இதை நானே டைப் அடித்தேன். என் கையெழுத்தில் ஒரு எழுத்துகூட இனி உனக்குக் கிடைக்காது.

மார்ச் இருபத்தாறாம் தேதி உங்கள் குழுவிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு தபால் வந்தது. தபாலைப் பிரித்துப் பதிவு செய்வது என் வேலை என்பது உனக்கே தெரியும். மேலே 'நிலையத்தின் விளக்கத்துக்கு அனுப்பப்படுகிறது' என்று முத்திரை. அடியில் என் தாளின் ஜெராக்ஸ். மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல மை பூசியிருந்தாய். கடைசி வரிகளைக் கத்தரியால் வெட்டியிருந்தாய். 'யாரிடமும் சொல்லாதே' என்பதை மட்டும் நேர்த்தியாக வெட்டி எடுத்திருக்கிறாய்.

இந்த ஸ்டேஷனில் என் கையெழுத்தைத் தெரியாதவர் யார்? பன்னிரண்டு வருடமாகச் சுவரில் இருக்கிற அறிவிப்புப் பலகை, பதிவேடு, ஏட்டு மகளின் காதுகுத்து அழைப்பிதழ் உறை வரை நான் எழுதியது. அதை மறைத்து வைத்திருக்கலாம், கிழித்திருக்கலாம். என் கையாலேயே பதிவு செய்து இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தேன். ஒரு பொய்ப் பதிவு போதும் என்று தோன்றியது.

அவர் கத்தவில்லை. மெதுவாகப் படித்துவிட்டு, "அழகா எழுதியிருக்கம்மா" என்றார். பிறகு, "அந்த ஆபீஸ்ல உனக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "யாருமில்ல சார்" என்றேன்.

இப்போது பழைய கோப்புகள் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜை இல்லை, ஸ்டூல்தான். யாரும் என்னோடு டீ குடிப்பதில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் பூட்டுக்காரரை அடித்ததைவிட, நீ சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று எழுதினாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று எழுதினேனே, அதையும் படித்தாயா, இல்லை தேதியை மட்டும் குறித்துக்கொண்டாயா?

தங்கை

மே 7

என் தங்கைக்கு,

உன் நலம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

நான் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. டைப் அடித்துக் கொடுத்தால் அது வெறும் காகிதம், கையால் எழுதியதைக் கொடுத்தால்தான் சாட்சி என்று நினைத்தேன். பேரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று நினைத்தேன். அது எங்கள் பீரோவைத் தாண்டாது என்று சத்தியமாக நம்பினேன். ஏழாவது விதி என்று ஒன்று இருக்கிறது: வருகிற புகாரின் நகலைப் பதினைந்து நாளுக்குள் சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கே அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் மேலிடத்தில் சேர்க்கச் சொன்ன விதி. அதையும் நான்தான் டைப் அடித்தேன். என்ன அடிக்கிறோம் என்று படிக்காமலே அடித்திருக்கிறேன். தபால் போன மறுநாள்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்பே உனக்கு அந்த வெள்ளையடித்த கடிதத்தை எழுதியிருந்தேன். ஏப்ரலில் கோபமா என்று கேட்டது, தெரிந்தும் தெரியாதவள் போலக் கேட்டது.

ஜூன் நான்காம் தேதி விசாரணை. உனக்குச் சம்மன் வரும். நீ பயப்படாதே. அந்தத் தாள் எனக்கு நீ எழுதியது, உனக்குத் தெரியாமல் நான் கொடுத்தது என்று எழுந்து நின்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். இது அம்மா மேல் ஆணை.

அக்கா

மே 18

அக்காவுக்கு,

நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் இல்லாமல் போயும் அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். அவர் இடது கையால் அரத்தைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சாவிக்கு அரை நாள் ஆகிறதாம். "நான் வழுக்கி விழலேன்னு நீ சொல்வியாம்மா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

அதனால் வருகிறேன். உனக்காக இல்லை. நீ எழுந்து நின்று சொல்வேன் என்றாயே, அதை மட்டும் செய். பழசையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தங்கை

ஜூன் 9

அக்காவுக்கு,

விசாரணை நடந்த அறையில் நீ இருந்தாய், நானும் இருந்தேன். நடந்தது என்ன என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நீ நிமிர்ந்து பார்க்காததால் சிலது உனக்குத் தெரிந்திருக்காது.

முதலில் உன்னைத்தான் கேட்டார்கள். "இந்தக் காகிதம் குழுவுக்கு எப்படி வந்தது?" நீ எழுந்து நின்றாய். நான் உன்னையே பார்த்தேன். "அந்த ஊர்ப் பெட்டியில கெடந்துச்சு சார். யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது" என்றாய். உட்கார்ந்து, சொன்னதை நீயே டைப் அடித்துக்கொண்டாய். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்த பூட்டுக்காரர்தான், "உன்னக் கூப்பிடுறாங்கம்மா" என்று முழங்கையால் தொட்டார்.

இன்ஸ்பெக்டரின் வக்கீல் பதிவேட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்து. ஒண்ணுல வழுக்கி விழுந்தார். ஒண்ணுல அடிச்சாங்க. எதும்மா பொய்?" பதிவேடு பொய், எழுதியது நான், எழுதச் சொன்னது இன்ஸ்பெக்டர் என்றேன். "பொய்ப் பதிவு எழுதினா வேலை போகும், தெரியுமா?" தெரியும் என்றேன். பிறகு வக்கீல், மை பூசிய இடத்தைக் காட்டி, "இங்க என்ன இருந்துச்சு? யாருக்கு எழுதின கடிதம் இது?" என்றார். ஆபீஸிலேயே ஆள் வைத்துக்கொண்டு ஜோடித்த கேஸ் என்று ஊதித் தள்ளத்தான் அந்தக் கேள்வி.

அப்போதாவது எழுந்திருப்பாய் என்று பார்த்தேன். டைப் மிஷினில் காகிதத்தை மாட்டிக்கொண்டிருந்தாய்.

அங்கே இருந்தது 'அக்கா' என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் நீ பொய் சொன்னவள், உன் குழு பொய்க்குழு, அவருடைய கை பாத்ரூமில்தான் உடைந்தது என்று ஆகியிருக்கும். "யாருக்கும் எழுதலை சார். என் பேரத்தான் பயந்துபோய் நானே அடிச்சுட்டேன். நானேதான் பெட்டியில போட்டேன்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். உன் பொய்க்கு முட்டுக் கொடுக்கச் சொன்னது.

இப்போது அழுது தீர்த்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பிவிடாதே. இனி நீ வாயைத் திறந்தால் பொய்ச்சாட்சி சொன்னவள் நான். பூட்டுக்காரர் கேஸும் காலி. ஆயுளுக்கும் நீ மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவுடன் நான் பேசிக்கொள்கிறேன், நீ ஆபீஸ் போயிருக்கிற நேரத்தில். உனக்கு இதுதான் கடைசி.

ஆகஸ்ட் 2

என் தங்கைக்கு,

நீ எங்கே இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு உன் விலாசம் தெரியும். கேட்டேன். "அவ சொல்லச் சொல்லலையே" என்றாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கத் தைரியம் இல்லை. கண் தெரிந்ததிலிருந்து என்னை நேராகப் பார்க்கிறாள், நான்தான் பார்ப்பதில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கிறேன். அனுப்பினால் அனுப்பட்டும்.

எழுந்து நின்றபோது சொல்லத்தான் நினைத்தேன். அதற்கு முந்தின நாள் தலைவர் என்னிடம், "இந்த ஒரு கேஸ் நின்னா குழு நிக்கும்மா" என்றார். அதுதான் காரணம் என்று எழுதிப் பார்த்தேன். அது மட்டும் காரணமில்லை. பயந்துவிட்டேன். பதினெட்டு வருட அரசாங்க வேலை. அவ்வளவுதான் நான்.

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்குச் சம்பள உயர்வு நிறுத்தம், ஊர் மாற்றம். ஏட்டுக்கு எச்சரிக்கை. பூட்டுக்காரரின் கைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அரசு செலவில் ஆபரேஷன். பொய்ப் பதிவு எழுதிய எழுத்தர் பணிநீக்கம். தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டவள் நீ ஒருத்திதான், அதனால் உன்னைத் தண்டிப்பதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்த உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் படித்து அடித்தேன்.

ஏழாவது விதியை எடுத்துவிட்டார்கள். பயிற்சிப் புத்தகத்தில் புதிதாக ஒரு பாடம் சேர்ந்திருக்கிறது. பேர் சொல்லாத ஒரு பெண் போலீஸ், தான் கண்டதைத் தைரியமாக எழுதித் தன் கையாலேயே புகார்ப் பெட்டியில் போட்டதாகப் பாடம். என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு உயர்த்தி, அதை நடத்தச் சொன்னார்கள்.

நேற்று முதல் வகுப்பு. நூற்றிருபது பேர். நடுவே நிறுத்தாமல் படித்து முடித்தேன். கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அந்த அக்கா இப்ப எங்க மேடம் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

மேலே ஏதாவது சொல்வேன் என்று அவர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். நான் அடுத்த பாடத்தைத் திருப்பினேன்.

அக்கா